பட்டறைக்குள் புகுந்த பச்சை

"இந்த வைரஸ் உட்கருவுக்குள்ள புகுந்து, காலை நீட்டி உட்கார்ந்து, என்னைப் பார்த்து 'கதவைச் சாத்திட்டுப் போங்கக்கா'ன்னு சொல்லிச்சு," என்றாள் மைக்ரோஸ்கோப்காரி. ஆய்வுக்கூடமே சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக வந்து திரையைப் பார்த்து, நிஜம்தான் என்று தலையாட்டினார்கள்.

செல்லின் உட்கருவுக்குள் ஒரு குட்டி உருண்டை உண்டு. செல்லுக்குப் புரதம் செய்யும் இயந்திரங்களை வார்த்தெடுக்கும் பட்டறை அது. அதற்குச் சிவப்பாக ஒளிரும் சாயம், வைரஸ் புரதத்துக்குப் பச்சை. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் மஞ்சள். பட்டறை முழுக்க மஞ்சள் அப்பிக் கிடந்தது. வந்தவன் அதையே வளைத்துப் போட்டிருந்தான்.

நம்பாதவர் ஒருவர்தான்: அவள் வீட்டுக்காரர். ஆய்வுக்கூடத் தலைவரும் அவரே. இந்த வைரஸ் உட்கருப் பக்கம் தலைவைத்தும் படுக்காது என்று எழுதியே பெரிய மனிதர் ஆனவர்.

"பச்சை வெளிச்சம் சிவப்புப் பக்கம் கசிஞ்சு மஞ்சளாத் தெரிஞ்சிருக்கும். பச்சை மட்டும் போட்ட ஸ்லைடு எங்கே?"

அவள் போடவில்லை. பார்த்த பூரிப்பில் மறந்தே போனாள்.

"கத்துக்குட்டி பண்ற தப்பு, தாயே. செல் தும்மிச்சுன்னு சொன்னவதானே நீ."

"தும்மினது நிஜம்ங்க. நீங்கதான் பக்கத்துல இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் ஓய்வு பெறும் நாள் நெருங்கிவிட்டது. இத்தனை வருஷமும் அவள் பெயர் கட்டுரையின் கடைசியில், ஏசி பழுதுபார்த்தவருக்கு அடுத்தபடியாக, நன்றியோடு வந்துகொண்டிருந்தது. இந்த ஒன்றிலாவது முதல் வரியில் வரவேண்டும்.

பச்சைச் சாயம் தீர்ந்திருந்தது. வாங்கக் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர். சாப்பாட்டை வைத்துவிட்டுக் கேட்டாள். "ஆபீஸ் விஷயம் ஆபீஸ்ல," என்றார். ஆபீஸில் கேட்டாள். "வீட்டுல பேசிக்கலாமே," என்றார்.

ஒருவழியாகச் சாயம் வந்து சேர்ந்த வாரத்தில், வேறெங்கோ ஓர் ஆய்வுக்கூடம் அதே மஞ்சளை ஆய்வுப் பத்திரிகை அட்டையிலேயே வெளியிட்டுவிட்டது.

அவள் அப்போதும் பச்சை மட்டும் போட்டு ஒரு ஸ்லைடு தயாரித்தாள். அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தாள். அவர் சிவப்பை மட்டும் காட்டும் வடிகட்டியைத் திருப்பினார். கசிவு இருந்தால் அங்கே தெரிந்தாக வேண்டும். கும்மிருட்டு.

"கசியுதாங்க?"

"இல்ல."

"நல்லாப் பாருங்க. இனிமே என்ன அவசரம்."

அவர் பச்சை வடிகட்டிக்கு மாற்றினார்; உட்கருவுக்குள் அந்த உருண்டை பச்சையாக ஒளிர்ந்தது.

"உள்ளேதான் போயிருக்கு," என்றார். "நீ பார்த்தது நிஜம்தான்."