ராத்திரி வெளியே போகாத மாப்பிள்ளை

சபரில், அதாவது கடல் கடந்த பிழைப்பில், இருக்கும் பையனுக்குப் பெண் கேட்டு வந்தால், எங்கள் காரைக்காலில் பெண் வீட்டார் பையனின் வாப்பா பேச்சை நம்ப மாட்டார்கள். அவனோடு ஒரே அறையில் இருந்துவிட்டுக் கப்பலேறி வந்தவன் யாரென்று தேடுவார்கள். 1952இல் நான் சைகோனிலிருந்து வந்து இறங்கிய மூன்றாம் நாள், முகைதீன் பிச்சை மாமா என்னைத் தேடி வந்தது அதற்காகத்தான். அவர் மகள் மஹ்பூபாவை நூகுவுக்குக் கேட்டிருந்தார்கள். நூகுவும் நானும் சைகோனில் ஒரே துணிக்கடையில் வேலை, ஒரே அறை, ஒரே பானைச் சோறு.

தொழுவானா, சுருட்டுப் பிடிப்பானா என்றெல்லாம் கேட்டார். நல்லபடியாகவே சொன்னேன். பிறகு, கேட்க வந்த கேள்விக்கு வந்தார்.

"ராத்திரி வெளிய போவாரா சாதிக் தம்பி?"

"போவான் மாமா. டான்சு ஆடுற எடத்துக்கு" என்றேன்.

பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு தவ்பா செய்து தொலைத்திருப்பேன்.

சைகோனில் முதல் மூன்று மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எதில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்குமோ என்று பயந்து ரொட்டியும் வாழைப்பழமுமாகக் காலம் தள்ளினேன். கடைக்கு வருகிறவர்கள் பேசுவது ஒன்றும் விளங்காது. சிரித்துச் சிரித்தே தாடை வலிக்கும். நூகு என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவான்; பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஹலாலான கறி எங்கே கிடைக்கும், சைக்கிள் ரிக்‌ஷாக்காரனிடம் எப்படிப் பேரம் பேச வேண்டும், எந்த வாடிக்கையாளரை எப்படிக் கூப்பிட வேண்டும், எல்லாம் அவன்தான் சொல்லிக் கொடுத்தான். பகல் பழகிவிட்டது.

அப்புறம் ராத்திரியும் பழகியது. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டிக்கெட் வாங்கி நீட்டினால் ஒரு பாட்டு முடியும்வரை நம்மோடு ஆடும் பெண்கள் அங்கே இருந்தார்கள். எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. வாசலில் நிற்பவனிடம் பிரெஞ்சில் பேச ஆள் வேண்டுமே, நூகுவை இழுத்துக்கொண்டு போவேன். அவன் மூலையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடிப்பான். நான் குடித்ததை அவன் தொட்டதுகூட இல்லை. விடிகாலை சுபுஹுக்கு முன்னால் என்னைத் தோளில் சாய்த்து அறைக்குக் கொண்டுவந்து, வாந்தியைக் கழுவிவிட்டு, தொழப் போவான்.

ஆக, அவன் ராத்திரி வெளியே போனது நிஜம். யாருக்காகப் போனான் என்று மாமா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மஹ்பூபாவும் நானும் சிறு வயதில் ஒன்றாக ஓதியவர்கள். எனக்கு அவள்மேல் ஆசை இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

சம்பந்தம் முறிந்தது. கூட்டாளி என்றும் பாராமல் உள்ளதைச் சொன்னவன் என்று ஊரில் எனக்குப் பெயர் வந்தது. மறு வருஷம் மாமா மஹ்பூபாவை எனக்கே நிக்காஹ் செய்து கொடுத்தார். நூகு ஒரு வார்த்தை கேட்டு எழுதவில்லை. திட்டி எழுதியிருந்தால் கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த வருஷம் நூகு ஊர் திரும்பினான். நிரவியில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் வாப்பா என் மாமனாரிடம் விசாரிக்க, அவர் என் பெயரைச் சொல்லி, இந்த இடம் வேண்டாம் என்றுவிட்டார். இப்படித் தட்டிப்போனது இது மூன்றாவது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அஸர் தொழுதுவிட்டு நேரே மாமனார் வீட்டுக்குப் போனேன். மஹ்பூபா கைக்குழந்தையோடு அங்கேதான் இருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஆடியது நான், குடித்தது நான், தூக்கி வந்தவன் அவன், நிரவிக்கு இப்போதே ஆள் அனுப்புங்கள் என்றேன். பெண்ணை விட்டுவிட்டுப் போ என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

மாமாவுக்குக் கோபமே வரவில்லை.

"கூட்டாளிக்காகப் பழியத் தூக்கித் தலயில போட்டுக்கிறீங்களே மாப்புள" என்றார். "உங்களப் பத்தி விசாரிக்காமலா பொண்ணு குடுத்தேன்? உங்க கூட இருந்தவன் அங்க வேற யாரு இருந்தா? நூகுக்குத்தான் கடுதாசி போட்டேன். எப்படிப்பட்ட பயலா இருந்தாலும் உங்க விசயத்துல உள்ளத எழுதியிருந்தான். சாதிக் நானா ராத்திரி வாசப்படி தாண்ட மாட்டாங்க, கண்ண மூடிக்கிட்டு மஹ்பூபாவக் குடுங்கன்னு."

எந்தப் பெண் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறான். அவன் எழுதியது பொய் மாமா, எனக்காக எழுதிய பொய் என்றேன்.

"அப்ப அவன் பொய்யும் சொல்றவன். அவனுக்கா நிரவில பொண்ணக் குடுக்கச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, எனக்குத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

மஹ்பூபா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் என்னைப் பெருமையோடு பார்த்துக்கொண்டே வந்தாள்.