முதுகுச் சாய்மானம் வைத்த வண்டி

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாரிக்கண்ணன் விழித்தான். பதினோரு வருடப் பழக்கத்தில் கால்கள் தாமாகவே பின்னுக்கு மடங்கின. அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை.

"முன்னால நீட்டுங்கண்ணே. வீட்ல டிவி பாக்கும்போது நீட்டுவியள்லா, அப்படி," என்றான் ரிபாயி.

ரிபாயி கடையநல்லூர்க்காரன். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில் இருக்கும் ஷோரூமில் வண்டி விற்கிறவன். மாரிக்கண்ணன் இதுவரை வைத்திருந்த மூன்று வண்டிகளில் இரண்டு இவன் கைவழியாக வந்தவை. மூன்றுமே தாழ்ந்த கைப்பிடி வைத்த, டேங்கில் நெஞ்சு படக் குனிந்து ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் பைக்குகள். வேளாண்மைத் துறையில் வேலை கிடைத்து, குருவிகுளம் வட்டாரத்து மானாவாரிக் கிராமங்களைச் சுற்றி வர ஆரம்பித்த பிறகும் அவன் அந்தக் குனிவை விடவில்லை. மக்காச்சோளத்தில் புழு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வருகிற ஆள், பந்தயத்துக்கு வந்தவன் மாதிரி வந்து இறங்குவான். தூரத்தில் சத்தம் கேட்டதுமே, "ஏலே, விமானம் வருது, ஒதுங்குங்க," என்று சோளக்காட்டில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஏழு மாதமாக விமானம் இல்லை. அப்பாவின் பழைய மொபெட்டில்தான் போய்வருகிறான். "என்ன சார், தரையிறங்கிட்டியளா?" என்று முதல் வாரம் கேட்டவர்கள், யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டபடியால், இரண்டாம் வாரம் கேட்கவில்லை.

மொபெட் இனி தாங்காது. ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர். அதனால்தான் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற இந்த க்ரூஸர் யோசனை. ஒரு மாதமாகக் கைபேசியில் இதைப் பற்றி வந்த காணொளிகளையெல்லாம் பார்த்துத் தீர்த்திருந்தான். கனமான வண்டி, ஐப்பசி மழையில் கரிசல் சேற்றில் இறங்கினால் எருமை மாதிரி படுத்துக்கொள்ளும். ரதவீதி நெரிசலில் ஒரே மூச்சில் திருப்ப முடியாது. வளைவில் இதைச் சாய்த்து எடுக்கவே முடியாது, பேருந்து மாதிரி சுற்றித்தான் வரவேண்டும். எல்லாம் தெரிந்துதான் வந்திருந்தான். ஆனால் ஷோரூமில் அவன் எஞ்சினைப் பார்க்கவில்லை. இறங்கிப் போய்ப் பின்சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தான். தரையிலிருந்து அது எத்தனை சாண் உயரம் என்று அளந்தான். முதுகுக்கு வைத்திருந்த சாய்மானத்தைப் பிடித்து ஆட்டினான். சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்கப் போட்டிருந்த கம்பியில் விரலை விட்டுப் பார்த்தான்.

"ஏண்ணே, வண்டி வாங்க வந்தியளா, சோபா வாங்க வந்தியளா?"

"இந்தச் சாய்மானம் வண்டியோட வருதா?"

"தனியா மாட்டித் தாறோம். நம்ம அண்ணிக்கா?"

மாரிக்கண்ணன் சாய்மானத்தை மறுபடியும் ஆட்டிப் பார்த்தான். ரிபாயிக்கும் விஷயம் தெரியும். சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தான். "ஊருக்குள்ள மட்டுந்தான் ஓட்டிப் பாக்கணும்னு ரூல். நீங்க குருவிகுளம் வரைக்கும் போவியன்னு எனக்குத் தெரியும். ஒரு மணிக்குள்ள கொண்டாந்துருங்க. முதலாளி மத்தியானம் லுகர் தொழுதுட்டு நேரா இங்கதான் வருவாரு."

ஊரைத் தாண்டியதும் வானம் சட்டென்று அகலமானது. குனிந்து ஓட்டிய காலத்தில் அவன் கண்டது முன்னால் ஓடிவரும் தார் மட்டும்தான். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கையில் இரண்டு பக்கமும் தெரிந்தது. முளைவிட்டிருந்த உளுந்து, மழைநீர் நின்ற பள்ளங்கள், அவற்றில் நகர்ந்த மேகங்கள். காற்று முகத்தில் அறையாமல் தடவிவிட்டுப் போனது. இந்தச் சாலை இத்தனை நீளமா என்று அவனுக்கு வியப்பாக இருந்தது. இதே சாலையில்தான் பங்குனி உத்திரத்தன்று இசக்கிசெல்வியைப் பின்னால் வைத்துக்கொண்டு போனான்.

பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்குப் போவது அந்தப் பக்கத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் வழக்கம். இவர்கள் சாஸ்தா இளையரசனேந்தலைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் இருந்தார். பொங்கல் பானை, விறகு, கிடா, இருபது சொந்தங்கள் என்று வேன் பிதுங்கியதால் இவர்கள் இரண்டு பேரும் பைக்கில் கிளம்பினார்கள். கல்யாணமாகி நாலு வருடம் கழித்துச் செல்விக்கு அப்போது நாலு மாதம். அந்தப் பைக்கின் பின்சீட்டு ஒரு தேங்காய்மூடி அகலம்தான் இருக்கும். முன்னால் சரிந்தும் இருக்கும். மெதுவாகத்தான் போனான். போனார்கள், கும்பிட்டார்கள், வந்தார்கள். சாயங்காலம் ரத்தம் பட்டது. மறுநாள் திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துபோனது.

வண்டியில் போனதால்தான் என்று சொல்ல முடியாது, சில கரு ஏன் தங்குவதில்லை என்று எங்களுக்கே தெரியாது என்றார் டாக்டரம்மா. அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "குப்புறப் படுத்துக்கிட்டு ஓட்டுத வண்டியில பிள்ளத்தாச்சிய ஏத்திட்டுப் போயிருக்காவ," என்று செல்வியின் அம்மா மாடத்தி ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே சொன்னாள். மாரிக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். பதினைந்து நாளில் பைக்கை விற்றான். உடம்பு தேறட்டும் என்று தாய் வீட்டுக்குப் போன செல்வி அங்கேயே இருந்துவிட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் போவான். காப்பி தருவாள். கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். "வீட்டுக்கு வாறியா?" என்றால், "பாப்போம்," என்பாள்.

இன்றும் ஞாயிறு. குருவிகுளத்துக்கு அப்பால் அந்தச் சின்ன ஊரில், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது மாடத்தி மிளகாய் வற்றலைச் சாக்கில் பரப்பிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி வண்டியை நீளவாக்கில் பார்த்தாள்.

"திரும்பவும் வண்டியா மாப்ள?"

"இன்னும் வாங்கல அத்தை. ஓட்டிப் பாக்கத் தந்திருக்காவ. செல்விக்கு உக்கார வசதியா இருக்கான்னு..."

"அவ உக்காந்து பட்டது போதாதா?"

செல்வி உள்ளேயிருந்து வந்தாள். மெலிந்திருந்தாள். வண்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "ஒரு சுத்து போயிட்டு வந்துருதேன்மா," என்று செருப்பை மாட்டினாள். இதை அவனே எதிர்பார்க்கவில்லை.

ஒருபக்கமாக ஏறி உட்கார அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முன்பெல்லாம் அவன் தோளில் கையூன்றி ஏணி ஏறுவதுபோல ஏறுவாள். ஒவ்வொரு பிரேக்குக்கும் சரிந்து வந்து அவன் முதுகில் மோதுவாள். "பிடிச்சுக்கோ" என்று சொல்லவே வேண்டாம்; பிடித்தாக வேண்டிய சீட்டு அது. இப்போது ஊரைத் தாண்டி அரை கிலோமீட்டர் வந்தும், பின்னால் ஆள் இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. சாய்மானத்தில் தோளைச் சாய்த்து, மடியில் கைகளை வைத்துக்கொண்டிருந்தாள் போல. கண்ணாடியில் சேலை முந்தானையின் நுனியும் காடும் மட்டும் தெரிந்தன. எதைக் கேட்டு வாங்க வந்தானோ அது கிடைத்துவிட்டது. ஆனாலும் முதுகு வெறுமையாகக் குளிர்ந்தது.

"வசதியா இருக்கா?"

"இருக்கு."

கொஞ்ச தூரம் போனபின் அவளே பேசினாள். "ஏங்க, வண்டிய நிறுத்தாதிய. திரும்பியும் பாக்காதிய. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னைக்குக் காலையிலயே பட்டுச்சு."

"என்னது?"

"ரத்தம். குளிக்கப் போனப்பவே பாத்தேன். ஒரு பொட்டு அளவுதான்."

வண்டி அதுபாட்டுக்கு முப்பதில் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஆட்டு மந்தை ஒன்று வந்தது. அவன் ஓரமாக ஒதுக்கி, கடைசி ஆடும் போகும்வரை காலை ஊன்றி நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. மந்தை போனதும் நகர்த்தினான்.

"உங்க அம்மாகிட்ட சொன்னா தீட்டும்பாவ. கோயில் பக்கமே விடமாட்டாவ. வீட்டுல படுத்துக்கச் சொல்லிட்டு எல்லாரும் போயிருப்பாவ," என்றாள். குரல் தட்டையாக இருந்தது. பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்த பேச்சின் குரல். "நாலு வருசமா சாஸ்தாகிட்ட நேந்துக்கிட்டு வந்தேன்லா, வயித்தோட ஒரு உத்திரத்துக்கு உன் முன்னாடி வந்து நிக்கேன்னு. இந்தத் தடவ விட்டா அடுத்த உத்திரத்துக்கு வயிறு இருக்காதே, கையில பிள்ளல்லா இருக்கும்னு நெனச்சேன். துணிய வச்சுக் கெட்டிக்கிட்டு வந்துட்டேன்."

அவன் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தினான். "டாக்டரம்மா எப்ப இருந்து படுதுன்னு கேட்டாவளே."

"உங்களையும் அம்மாவையும் வச்சுக்கிட்டுல்லா கேட்டாவ. சாயங்காலத்துல இருந்துன்னு சொன்னேன்."

முதலில் வந்தது கோபம்தான். அதை மறைத்துப் பயனில்லை. ஏழு மாதம். கல்யாண வீட்டில், சாவு விழுந்த துட்டி வீட்டில், அலுவலகத்தில் என்று ஒவ்வொரு இடத்திலும் பிள்ளையைக் கொன்ற வண்டிக்காரனாக அவன் நின்றிருக்கிறான். தினமும் படுக்கும்போது அந்தச் சாலையின் ஒவ்வொரு பள்ளத்தையும் மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறான். எந்தப் பள்ளம், எந்தப் பள்ளம் என்று.

"பைக்க விக்கும்போதாவது சொல்லிருக்கலாம்லாட்டி."

"விக்காதியன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. ஏன்னு கேப்பியளே."

பேச வாய் திறந்தால் எது வெளியே வரும் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு பாலத்தருகே வண்டியை வட்டமடித்துத் திருப்பினான். திரும்பும்போது அவளுடைய செருப்பு நுனி தரையில் ஒருமுறை உரசியது. அவள் அவன் சொல்லப்போகும் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள். அது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும், வீடு வரும்வரை அந்தச் சொல் கிடைக்கவில்லை.

வாசலில் இறங்கியவள் சாய்மானத்தைப் பிடித்தபடியே நின்றாள். மாடத்தி காப்பித் தம்ளரோடு வந்தாள். மருமகனிடம் நீட்டிக்கொண்டே, கொடுக்காமல் விட மனமில்லாத அந்த ஒரு குத்தையும் கொடுத்தாள்.

"இதாவது மெதுவா போகுமா மாப்ள? அன்னைக்கே இப்படி ஒண்ண வச்சிருந்தா இந்நேரம் என் பேரன் மடியில கெடந்து சிரிச்சிருப்பான்."

செல்வியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும். ஏழு மாதச் சுமையை அவன் இந்த வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடலாம். தம்ளரை வாங்கிக்கொண்டான். சூடு விரல்களைச் சுட்டது.

"ஆமா அத்தை," என்றான். "அன்னைக்கு நாந்தான் பாத்து ஓட்டல. கோயிலுக்குத் திரும்புத மண்பாதையில ஒரு பள்ளத்துல விட்டுட்டேன். யார்ட்டயும் சொல்லல."

இத்தனை நாள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த மாடத்திக்கு, அதை ஒப்புக்கொள்ள ஒரு ஆள் கிடைத்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "போவட்டும், மக்கா," என்றாள் மெல்ல. "சாப்பிட்டுட்டுப் போங்க." அவனை மாப்ள என்றல்லாமல் வேறு எதுவாகவும் அவள் அதுவரை அழைத்ததில்லை.

"இல்ல அத்தை, ஒரு மணிக்குள்ள வண்டிய விடணும்."

தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் சாவியைத் திருகும்போது வண்டியின் பின்பக்கம் லேசாக அமிழ்ந்தது. செல்வி ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"எங்கட்டி கிளம்பிட்ட?" என்றாள் மாடத்தி.

"வீட்டுக்கு."

"துணிமணி?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிடுதேன்."

குருவிகுளத்தைத் தாண்டினார்கள். சாரல் விழ ஆரம்பித்தது. நனையட்டும் என்று போனான்.

"ஏன் அப்படிச் சொன்னிய?" என்றாள் அவள். "பள்ளத்துல நீங்க விடவே இல்ல. எனக்குத் தெரியாதா? முட்டைய வச்சு ஓட்டுத மாதிரி ஓட்டுனிய."

"சும்மா சொன்னேன்."

"அம்மா இனி ஊரு பூரா சொல்லுவா."

"ஏற்கெனவே சொல்லிட்டுத்தான் இருக்காவ. புதுசா என்ன?"

அவள் சிரித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. அவன் வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தான். இறங்கி அவள் முன்னால் வந்து நின்றான். ஏழு மாதத்தில் அந்தப் பிள்ளையைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டியைப் பற்றித்தான் பேசினார்கள். வண்டியை விற்பது, வண்டியை வாங்குவது, வண்டியின் சீட்டு. அவனுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"சாமி முன்னாடி ரொம்ப நேரம் நின்னியே," என்றான். "என்ன கேட்ட?"

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சட்டைப் பையில் அவனுடைய கைபேசி அடிக்க ஆரம்பித்தது. ரிபாயியாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை.

"ஒண்ணும் கேக்கல," என்றாள். "பிள்ளையக் காட்டுனேன். அவ்வளவுதான்."