மூன்றாவது பதிவு

பழைய பதிவுகளிலிருந்து பொறுக்கியெடுத்து அண்ணனின் சாக்ஸபோன் ஆல்பம் ஒன்று வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் தம்பி ஒலிப்பதிவு அறைக்கு ஓடினான். மானம் போகிற விஷயம் அல்லவா? அதில் ஒரு பதிவில் டிரம்ஸ் அவன்தான். நடுவில் தாளம் வேகமெடுத்து ஓடிவிட்டது என்று அண்ணன் வெறிபிடித்துப்போய், இரும்பு மைக் ஸ்டாண்டால் அவன் வலது கையை நொறுக்கியது அன்றைக்குத்தான். விரல்கள் அதன்பிறகு மடங்கவில்லை, டிரம்ஸும் போயிற்று. அடி வாங்கியவனோ, "தப்பு என் மேலதான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இப்படியும் ஒரு பிறவி!

ஒலிப்பதிவு அறையில் அண்ணன் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, நான் வாசிச்சதை மட்டும் எடுத்துரச் சொல்லு. கேக்குறவன் காறித் துப்புவான்."

"அதைத்தான்டா நானும் தலைபாடா அடிச்சுக்கிறேன்."

ஒலிப்பதிவாளர் மசியவில்லை. "இதே பாட்டு மூணு பதிவுல இருக்கு. மூணுலயும் வேற வேற டிரம்மர். வரிசையாப் போடுறேன், கேட்டுட்டு சொல்லுங்க."

"வேணாம்!" அண்ணன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அதற்குள் அவர் பொத்தானை அழுத்திவிட்டார்.

முதல் பதிவில் டிரம்ஸ் ஒரு பெரியவர், நிதானத்துக்குப் பேர்போனவர். சாக்ஸபோன் மேலே ஏறியதும் தாளத்தை மீறி முன்னால் பாய்ந்தது. பெரியவர் விழுந்தடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். இரண்டாவதில் வேறொருவர். அதே இடம், அதே பாய்ச்சல். மூன்றாவதில் தம்பி தாளத்தை இழுத்துப் பிடிக்கப் பார்த்திருக்கிறான், பாவம். சாக்ஸபோன் அவனையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிற்று. சட்டென்று இசை நின்றது. எலும்பு நொறுங்கும் சத்தமும் அவனுடைய அலறலும் துல்லியமாகக் கேட்டன.

"ஓடுனது நீ," என்றான் தம்பி.

அண்ணன் தரையைப் பார்த்தான். "தெரியும்டா."

"எப்பத்திலேருந்து?"

"அன்னிக்கே போட்டுக் கேட்டேன்."

தம்பிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இடது கையால் அண்ணனின் பிடரியைப் பிடித்து, முகத்தை மேசையின் இரும்பு விளிம்பில் மோதினான். மறுபடியும் மோதினான். ஒலிப்பதிவாளர் கத்திக்கொண்டே வந்து பிரிப்பதற்குள் முன்பற்கள் தரையில் கிடந்தன. சாக்ஸபோன்காரனுக்குப் பல் போனால் பிழைப்பே போச்சு. அண்ணனோ தடுக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை.

"ஏன் சொல்லலே? வாயைத் தொற!"

"சொன்னா..." ரத்தம் மோவாயில் வழிந்தது. "அப்புறம் நீ என்னை அண்ணேன்னு கூப்பிடமாட்டியேடா."

தம்பி மூச்சு வாங்கினான். அண்ணனை நேருக்கு நேர் பார்த்தான்.

"யோவ்," என்றான். "மூணாவதை ஆல்பத்துல போடச் சொல்லுய்யா. என் அலறலையும் சேத்து."

பல் போனபோது முனகாத அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதான்.