ஐந்தருவியில் ஒரு ‘ஆமா சார்’

ஐந்தருவி ஓரத்தில், கருத்துக் கேட்புக் குழுத் தலைவரின் முதுகுக்கு விஸ்வநாதன் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அருவியில் எண்ணெய்க்கும் சோப்புக்கும் தடை என்று பலகை இருந்தது. அந்தப் பலகையை வைக்கச் சொல்லி மனுக் கொடுத்தவர்களில் விஸ்வநாதனும் ஒருவர். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்; சுற்றுச்சூழல் கூட்டமைப்பின் நிறுவனர். எரிவாயு மின்நிலையங்களைத் தூய ஆற்றல் பட்டியலில் சேர்க்கும் சட்ட வரைவை இறுதி மூச்சுவரை எதிர்ப்பேன் என்று ஆலங்குளத்தில் மைக் பிடித்துச் சொன்னவர். மூச்சு இன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

ஆனி, ஆடி வந்துவிட்டால் எல்லா இலாகாக்களுக்கும் குற்றாலத்து மக்களின் கருத்து அவசரமாகத் தேவைப்பட்டுவிடுகிறது. ‘குளிக்கப் போறோம், வாங்களேன்’ என்று தலைவர் காலையில் கூப்பிட்டபோது, தனியாகப் பேசிப் புரியவைத்துவிடலாம் என்றுதான் விஸ்வநாதன் கிளம்பினார். கூட்டத்துக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்த நசீபாவிடமும் அப்படித்தான் சொன்னார்.

“கேஸ் நீலமா எரியுது. புகையே கிடையாது. சுத்தம்தானே சார்? நீங்க பிசிக்ஸ் வாத்தியார், நீங்களே சொல்லுங்க,” என்றார் தலைவர், கண்ணை மூடிக்கொண்டு.

கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது என்று முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய் அது. “ஆமா சார்,” என்றது. அருவிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு விருந்தினர் மாளிகைக் கூடத்தில் கருத்துக் கேட்பு தொடங்கியதும் நசீபா எழுந்தாள். காற்றாலைகளின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறவள். கணவன் முகம்மது மீரான் சவூதியிலிருந்து வேலை போய்த் திரும்பியபின், வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

“வாங்குத கரண்டுல இவ்வளவு பங்கு சுத்தமானதா இருக்கணும்னு விதி இருக்கதாலதான் எங்க காத்தாடி சுத்துது சார். கேஸையும் அதுல சேத்துட்டா, அந்தப் பங்கைக் கேஸ்லயே நிரப்பிட்டு எங்களை நிறுத்தச் சொல்லிருவாவ. அம்புட்டுப் பேரு வேலையும் போச்சு.”

தலைவர் புன்னகைத்தார். தலைமுடி இன்னும் ஈரம். “உங்க உணர்ச்சி புரியுதும்மா. ஆனா அறிவியல்னு ஒண்ணு இருக்கு. உங்க சாரே காலையில கேஸ் சுத்தம்னு ஒத்துக்கிட்டாரே! இல்லையா சார்?” உதவியாளரைப் பார்த்து, “குறிச்சுக்கோங்க,” என்றார்.

கூடமே திரும்பிப் பார்த்தது. அறுபது பேர், நசீபா வீடு வீடாகப் போய் அழைத்து வந்தவர்கள். மறுப்பதற்கு ஒரு வரி போதும். ஆனால் அதைச் சொன்னால், எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது ஆமாம் போட்டார் என்பதையும் தலைவர் சொல்லிவிடுவார். விஸ்வநாதன் மேஜையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலின் லேபிளை முழுவதும் படித்தார்.

“எங்கன வச்சு சார் ஒத்துக்கிட்டீய? மைக்ல அப்படிச் சொல்லலையே!” என்றான் காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்க்கும் இசக்கிமணி.

“சும்மா இருலே,” என்றாள் நசீபா. பிறகு உதவியாளரிடம், “சாரு சொன்னதை எழுதிக்கிடுங்க. நான் சொல்லுததையும் எழுதுங்க. புகை தெரியலங்கதால கார்பன் டை ஆக்சைடு இல்லன்னு ஆயிராது. எரியாமக் குழாயில கசியுத கேஸு அதைவிட மோசமாப் பூமியைச் சூடேத்தும். பள்ளிக்கூடத்துல எனக்கு இதைச் சொல்லித்தந்தது இவுகதான்.”

அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது விஸ்வநாதனுக்கு.

எதிர்ப்பைப் பதிவு செய்யும் நோட்டு வரிசையாக வந்தது. நசீபா கையெழுத்துப் போட்டாள், இசக்கிமணி போட்டான். விஸ்வநாதன் மடிக்கு வந்ததும், பெயர்க் கட்டத்தில் வெறும் பெயரை மட்டும் எழுதினார். எம்.எஸ்சி., எம்.எட். இல்லாமல் அவர் பெயர் நோஞ்சானாகத் தெரிந்தது. அடுத்த கட்டத்தின் தலைப்பு ‘யார் சார்பில்’; வழக்கமாகக் கூட்டமைப்பின் பெயரை அவர் எழுதும் இடம். பேனா ஊன்றி நின்ற இடத்தில் மை ஊறி, உளுந்தளவு பெருத்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண், நோட்டுக்காகக் கையை நீட்டியபடியே இருந்தாள்.