மரியாதைப் பன்மை

இஷிதா டெல்லிக்காரர். பல நாட்டுப் பெண்களின் உரிமை பற்றி எழுதும் ஒரு பத்திரிகையின் நிருபர். திருப்பூரில் நான் அவருடைய மொழிபெயர்ப்பாளர். திங்கட்கிழமை வரவேண்டிய கட்டுரையைச் சரிபார்க்கச் சொல்லிச் சனிக்கிழமை அனுப்பினார்.

நான்காம் பத்தியில் நின்றுவிட்டேன். ‘அவர்கள் அருகில் வந்து நின்று அவள் கையைப் பிடித்தார்கள்.’

பனியன் கம்பெனியில் தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங் வேலை செய்யும் ரோஸ்மேரி சொன்னது ஒரே ஒரு சூப்பர்வைசரைப் பற்றி. பதிவை மறுபடி கேட்டேன். “பக்கத்துல வந்து நின்னாங்க. கையப் புடிச்சாங்க.” இங்கே திட்டும்போதுகூட ‘ங்க’ போடுவார்கள். நானும் இந்த ஊர்க்காரன்தான். அதைப் போய் ஆங்கிலத்தில் பன்மையாக எழுதியிருக்கிறேன். என் மனைவியும் ரோஸ்மேரியின் தோழியுமான கவிப்பிரியா இறந்து எட்டு மாதம். அதற்குப் பிறகு சொற்களை வெறுமனே மொழி மாற்றிவைக்கிறேன். சொல்பவரைக் கேட்பதில்லை.

கட்டுரையில் ரோஸ்மேரியின் பெயர் இல்லை. ஆனால் அந்தக் கம்பெனியில் புகார் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். திங்கட்கிழமை புகார்க் குழு விசாரிக்கிறது. புகாரில் ஒருவர், கட்டுரையில் பலர். பொய் என்று தள்ளிவிட அது போதும்.

இஷிதாவிடம் சொன்னேன். “ஒருவர்தான் என்று அவர் குரலிலேயே வேண்டும். இல்லையென்றால் எங்கள் ஆசிரியர்கள் பத்தியையே எடுத்துவிடுவார்கள்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீரபாண்டியில் ரோஸ்மேரி வீட்டுக்குப் போனேன். அவர் சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“பல பேருன்னா போட்டீங்க? கவி ஊட்டுக்காரருன்னுதானுங்க உங்ககிட்ட வாயத் தொறந்தேன்!”

“தப்பு என்னுதுங்க.”

“காலேஜ்ல இதத்தான் படிச்சீங்களா?”

போனில் புதிதாகப் பதிவைத் தொடங்கினேன். “எத்தன பேருங்க?”

“அவங்க மட்டுந்தானுங்க.”

“மறுபடியும் ‘அவங்க’ங்கறீங்களே. ‘அவன்’னு சொல்லுங்க.”

“அவ...” சிரித்துவிட்டார். “வரமாட்டீங்குதுங்க. எங்கப்பன் வயசு.” சிரிப்பு நின்றது. “நாளைக்கு அங்கயும் எதுத்தாப்பல உக்காந்திருப்பாங்க.”

பிறகு போனை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டார்.

“ஒரே ஆளு. திருமூர்த்தி. வேற யாருமில்லீங்க.”

புகாரில் எழுதிக்கொடுத்த அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“பேரும் கட்டுரைல வரட்டுங்களா?”

“வேண்டாங்க. அத நாளைக்கு நானே சொல்லிக்கறேன்.”

பதிவை இஷிதாவுக்கு அனுப்பினேன். பத்தி திருத்தப்பட்டு, திங்கட்கிழமை ஒருமையில் வந்தது.

மதியம் ரோஸ்மேரி போன் செய்தார். திருமூர்த்தி எதிரிலேயே இருந்தாராம். குழுவில் ஒரு அம்மா கட்டுரையை நீட்டி, எத்தனை பேர் என்று கேட்டாராம்.

“ஒருத்தன்னு சொல்லிட்டனுங்க. ஒருத்தர்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். வாய்ல அப்படியே வந்துருச்சு. எழுதிக்கிட்டாங்க.”

“நல்லதுங்க” என்றேன்.