பெட்டி கற்றுக்கொண்ட வீடு

எக்ஸ்ரே அம்மாவுக்கு அந்தப் பெயர் வேலையால் வந்தது, குணத்தால் நிலைத்தது. ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் ஊரார் எலும்பைப் படம் பிடித்தவர். எதிரில் நிற்பவர் வாயைத் திறக்குமுன்பே மனசில் இருப்பதைச் சொல்லிவிடுவார் என்று அந்தக் குடியிருப்பு முழுக்கப் பேச்சு. இப்போது எழுபத்தாறு வயது. தன் வீட்டிலேயே இருப்பதா, மகள் வீட்டுக்கு மூட்டை கட்டுவதா என்பது இன்று தெரிந்துவிடும்.

போன வருஷம் மகள்தான் ஒவ்வொரு வாசல் நிலைக்கு மேலும் சோப்பு டப்பா அளவில் ஒரு சென்சாரும், ஹாலில் ஒரு பெட்டியும் வைத்துவிட்டுப் போனாள். வீட்டில் யார் எப்போது நடமாடுகிறார்கள் என்று பெட்டி கவனித்துக் கற்றுக்கொள்ளும். பழக்கம் தப்பினால் அலறும். 'நலம்' என்ற பொத்தானை அழுத்தினால் வாயை மூடும். அழுத்தாவிட்டால் உதவிக்கு ஆள் வரும். எப்படியும் மகளுக்குத் தகவல் போய்விடும்.

அப்போது வீட்டில் இரண்டு பேர். கல்யாணமே வேண்டாம் என்றிருந்த நாத்தனார், அண்ணன் போன பிறகும் அண்ணியோடு தங்கிவிட்டாள். இருவரும் எலியும் பூனையும்தான். விளக்கை அணைப்பதில் சண்டை, குழாயை மூடுவதில் சண்டை.

"ராத்திரி பூரா செருப்பைத் தேய்ச்சுக்கிட்டு நடக்கிறியே, உனக்குத் தூக்கமே வராதா?"

"வராது அண்ணி. உங்க குறட்டைய நீங்க பாருங்க."

இரண்டு மாசத்துக்கு முன்னால் நாத்தனார் தூக்கத்திலேயே போய்விட்டாள். அதிலிருந்து பெட்டிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. தினமும் விடிகாலை மூன்றே காலுக்கு அலறல். பொத்தானை அழுத்திவிட்டுப் படுத்தால், காலையில் மகளின் போன். பொறுத்துப் பார்த்த மகள் போன வாரம் ஒரே போடாகப் போட்டாள்: "என்னால நிம்மதியா தூங்க முடியலம்மா. ஒரு வாரத்துல இது நிக்கலன்னா நீ இங்க வந்துடணும். பேச்சே கிடையாது."

யார் தயவும் இல்லாமல் இருப்பேன் என்று மார் தட்டியவருக்கு அது பேச்சா? மெக்கானிக்கை வரவழைத்தார். வந்தவர் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பெட்டி நல்லாத்தாம்மா இருக்கு."

"நல்லாயிருந்தா ஏன் இப்படி ஊரைக் கூட்டுது?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "இதைப் பாருங்க. ரெண்டு மாசம் முன்ன வரைக்கும் தினம் மூணு மணிக்கு இந்தச் சின்ன ரூம்லேர்ந்து ஒருத்தர் எழுந்து, ஹாலைத் தாண்டி, உங்க ரூம் வாசல்ல வந்து ரெண்டு நிமிஷம் நின்னிருக்காங்க. அப்புறம் திரும்பிப் போயிருக்காங்க. ஒரு நாள் தப்பல. இப்ப யாரும் வர்றதில்ல. கால் மணி நேரம் காத்திருந்துட்டு இது கத்துது."

"உள்ள வரலையா?"

"இல்லம்மா. வாசலோட சரி."

எக்ஸ்ரே அம்மா அங்கேயே மகளுக்குப் போன் போட்டார். "ஏண்டி, அத்தை ராத்திரி என் ரூமுக்கு வருவாளா?"

இனி மறைப்பானேன் என்று மகள் சொல்லிவிட்டாள். "உனக்கு மூச்சு சீரா வருதான்னு பாத்துட்டுப் படுத்தாத்தான் தூக்கம் வரும்பாங்க. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. சொன்னா சண்டைக்கு வருவியாம்."

சண்டைக்கு வந்திருப்பார்தான். அதில் சந்தேகமே இல்லை.

போனை வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கேட்டார். "முதல்ல எப்பக் கத்துச்சு?"

"ஒன்பதாம் தேதி, மூணே கால். பதினஞ்சு செகண்டுல 'நலம்'னு அழுத்தியிருக்கீங்க."

ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்குத்தான், இன்னும் என்ன தூக்கம் என்று திட்டிக்கொண்டே, நாத்தனாரின் அறைக் கதவை எக்ஸ்ரே அம்மா தட்டினார்; அவள் எழவே இல்லை. மூன்றே காலுக்கு அவளுக்கு உயிர் இருந்ததா, இல்லையா? எந்தப் படத்திலும் அது தெரியாது.

"பழசை அழிச்சுட்டு, வீட்ல ஒரே ஆள்னு போட்டுட்டா பெட்டி புதுசா கத்துக்கும்மா. அப்புறம் தொந்தரவே இருக்காது. நீங்க பாட்டுக்கு இங்கயே இருக்கலாம்."

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் இரண்டு மாசமாகத் தவித்தார். கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

"போடுங்க" என்றார். மெக்கானிக் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, எக்ஸ்ரே அம்மா நாத்தனாரின் அந்தச் சின்ன அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தடி இருக்குமா அந்த ரூமுக்கு? நான் ஒரு நாள்கூட எழுந்து போய் அவளைப் பாத்ததில்லப்பா."