கொட்டு வேண்டாம்

உறுமியைத் தோளில் மாட்டிய பையன் முதல் அடியைப் போடுவதற்குள் புனிதவதி எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். கூடத்தில் புருஷனின் சவப்பெட்டி இருந்தது. அதை விட்டுவிட்டுப் பெண்டாட்டி வெளியே போவதைப் பார்த்து ஒப்பாரி நின்றது.

“கொட்டு வேணாம் தம்பி. எறக்கி வைங்க.”

பையன்கள் முருகையாவைப் பார்த்தார்கள். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து அவர்களை வரவழைத்தவர் அவர்தான். இறந்துபோன தேவதாஸின் அண்ணன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர், எதிர்ப்பேச்சு கேட்டுப் பழக்கமில்லை.

“கொட்டு இல்லாம எப்பிடிம்மா எடுக்கிறது? என் தம்பி என்னா அனாதையா?”

“வேணாம் மாமா.”

ஏன் என்று கேட்டார். அவள் சொல்லவில்லை.

சொல்வதென்றால் தேவதாஸுக்குப் பார்க்கின்சன் வந்ததிலிருந்து சொல்ல வேண்டும். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். கை நடுங்கியதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். கால் ஒட்டிக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. நன்றாக நடந்து வருவார். வாசற்படியைக் கண்டதும் பாதம் தரையைவிட்டு எழாது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த நித்தியா, அவரைப் பிடித்து இழுக்காதீர்கள் என்றாள். சீராகக் கைதட்டினாள். ஒரு தட்டுக்கு ஓர் அடி வைக்கச் சொன்னாள். தேவதாஸ் நடந்தார்.

“காலு நல்லாதான் இருக்கு அங்கிள். மூளையிலருந்து வர்ற ரோடு ஜாம் ஆயிருது. தாளம் வேற ரோட்டுல கொண்டாந்து விடுது.”

லோரிக்காரருக்கு அது உடனே புரிந்தது.

புக்கிட் ரோத்தான் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் இந்த நோய்க்காரர்களுக்கு வகுப்பு நடந்தது. பாட்டுப் போட்டு, முட்டியை உயர்த்தி, கையை வீசி நடக்க வேண்டும். தேவதாஸ் ஒரே ஒரு நாள் போனார். பழைய கூட்டாளி செல்லையா திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்து, “என்னா தேவா, இந்த வயசுல டான்ஸ் கிளாஸா?” என்றான். வெறும் கேலிதான். தேவதாஸ் அதற்கப்புறம் போகவில்லை.

வீட்டில் மட்டும் நடந்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டு, புனிதவதி தொடையில் தட்டுவாள். அவர் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடப்பார். விட்டுப்போயிருந்த கைவீச்சு திரும்பி வந்தது. ஒருநாள் வாயாலேயே ஹாரன் அடித்து அவளை ஓரம் போகச் சொன்னார். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் உடனே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

“ஆளுங்க முன்னாடி தட்டாத புனிதா. கொரங்காட்டுற மாதிரி இருக்கு.”

அவள் தட்டவில்லை. அதனால் கல்யாணம், திருவிழா என்று எங்கேயும் அவரை அழைத்துப் போகவும் முடியவில்லை. சொந்தக்காரர்கள் அவளைத்தான் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டாள். போன வாரம் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

முருகையா இப்போது குரலைத் தாழ்த்தினார். கத்தியிருந்தால் தேவலை.

“உசுரோட இருந்தப்ப வெளிய விடாம பூட்டி வச்ச. செத்த பெறகும் சத்தமில்லாம அனுப்புறியா?”

பக்கத்தில் நின்ற மகன் பவனேஷ் வாயைத் திறந்தான். புனிதவதி அவனைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

உறுமி வேனுக்குத் திரும்பிப் போனது.

பெட்டியைத் தூக்கினார்கள். பவனேஷ் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான். வாசற்படிக்கு வந்ததும் பெட்டி நின்றுவிட்டது. குறுகலான வாசல். முன்னால் பிடித்தவர்கள் ஒரு பக்கம் திருப்ப, பின்னால் பிடித்தவர்கள் இன்னொரு பக்கம் தள்ளினார்கள்.

“சாய்ங்கலா, கொஞ்சம் சாய்ங்க,” என்றான் செல்லையா. அவனும் ஒரு மூலையைப் பிடித்திருந்தான்.

யாருடைய காலும் நகரவில்லை.

கேட்டுக்கு அப்பால் பெண்கள் போவதில்லை. புனிதவதி பெட்டியின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். வலது கையை முந்தானைக்குள் விட்டாள். இரண்டு விரலால் மட்டும் தொடையில் தட்டினாள். சத்தம் வெளியே வரவில்லை.

பவனேஷ் திரும்பிப் பார்த்தான். அம்மாவின் முந்தானையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பெட்டி படியைத் தாண்டியது.

சவ வண்டியின் கதவைச் சாத்தினார்கள். முந்தானைக்குள் துணி இன்னும் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது.